அக்கா குளிக்கும் தண்ணீர்

பாலைவனத்தில் டிரெய்லர் வீட்டைப் போட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை. குவார்ட்சைட் ஊருக்குள் பிக்கப் வண்டியை ஓட்டிப்போய்க் கேன்களில் பிடித்து வந்துவிடலாம். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் எங்கே போவது என்பதுதான் தலைவலி. அதற்கென்று டிரெய்லருக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. அது நிரம்பிவிட்டால் எல்லாவற்றையும் மூட்டைகட்டி, டிரெய்லரை வண்டியில் பூட்டி, ஊரில் கொட்டும் இடம் வரை இழுத்துப் போக வேண்டும். தரையில் ஊற்றினால், பாலைவனத்துக்குக் காவலான ரேஞ்சர் அபராதம் போட வந்து நிற்பார். அழுக்குத் தண்ணீரை மட்டும் எடுத்துப்போகச் சக்கரம் வைத்த சின்னத் தொட்டி ஒன்று வைத்திருந்தோம். அது வெயிலில் விரிசல் விட்டுப் போனது.

என் வீட்டுக்காரர் வெண்டல்தான் அந்தத் தொட்டிக்குக் காவல்காரர். அளவு காட்டும் விளக்கை நம்ப முடியாது, சோப்பு படிந்து எப்போதும் முக்கால் என்றே பொய் சொல்லும். அதனால் காலையில் எழுந்ததும் காபிகூடக் குடிக்காமல் டிரெய்லருக்கு அடியில் படுத்து, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். "மாவிஸ், கரண்டிய எதுக்கு இன்னொரு தடவ அலசின?" என்று அடியிலிருந்தே குரல் வரும். இந்த வாழ்க்கைக்கு வந்ததிலிருந்து நான் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறேன். ஷவரில் உடம்பை நனைத்துக் குழாயை மூடி, நடுங்கிக்கொண்டே சோப்புப் போட்டு, மறுபடி திறந்து மூடுகிறேன். எனக்கு இது எரிச்சல்தான், மறைக்க என்ன இருக்கிறது?

அந்த ஜனவரியில் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, ஆர்டிஸ் வந்தார். ஒன்பது வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சே கிடையாது. சான் டியேகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிற வழியில், சின்னக் காரை எங்கள் டிரெய்லர் பக்கத்தில் நிறுத்தி இறங்கினார்.

"ரொம்ப நாள் இருக்க மாட்டேன். நீங்க என்னிக்கு இங்கேர்ந்து வண்டியக் கெளப்புறீங்களோ, அன்னிக்கு நானும் கெளம்பிடுவேன்" என்றார்.

வெண்டல் தலையாட்டினார். ஆனால் அவர் கண் தொட்டி இருக்கும் பக்கம் போனதை நான் பார்த்தேன். அது நிரம்பும் வரைதான் அக்கா.

அண்ணியோ தினமும் ஆற அமரக் குளித்தார். ஜன்னல் வழியாக ஆவி வரும், பாட்டும் வரும். வெண்டல் வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அடியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வாயைத் திறக்க மாட்டார். நான் உள்ளே காகிதத்தால் சட்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் பிக்கப்புக்குப் பின்னால் போனால், மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன கோலம் இது?"

"டேங்க்ல கொஞ்சம் எடம் மிஞ்சட்டும்னு."

"ஒரு கரண்டிக்கு என் உயிர எடுக்கறீங்க! உங்க அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்ல மட்டும் வாய் வராதா?"

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத மாவிஸ். ப்ளீஸ்."

அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் எனக்குச் சண்டை போட மனசு வரவில்லை. காரணமும் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நெப்ராஸ்காவில் மாமியாரை அடக்கம் செய்த அன்று வீடு முழுக்க உறவுக்காரர்கள், கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. "போதும்க்கா! கெணறு வத்திடும்!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இவர் கதவை இடித்தார். அண்ணி வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அதனால் நானும் என் பங்குக்குக் காகிதத் தட்டுக்கு மாறினேன், தலைக்குக் குளிப்பதை விட்டேன். அப்படியும் வெள்ளிக்கிழமை மதியம் ஷவரிலிருந்து கூச்சல் கேட்டது.

"மாவிஸ்! தண்ணி கீழேர்ந்து மேல வருதுடி! முந்தாநேத்து நூடுல்ஸ் என் கால்கிட்ட மெதக்குது!"

தொட்டி நிரம்பினால் அப்படித்தான், ஷவரின் தரை வழியாக மேலே வந்துவிடும். அண்ணி அங்கியைச் சுற்றிக்கொண்டு, தலை நிறைய நுரையோடு வெளியே வந்தார். எதிரே வெண்டல்.

"டேங்க் ரொம்பிடுச்சுக்கா."

"தெனமும் தட்டித் தட்டிப் பாக்கறியே, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப சொல்றதுக்கென்னடா?"

வெண்டல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு தடவ கதவத் தட்டிச் சொன்னேன். ஒம்பது வருஷம் நீ வரல."

நுரை வழிந்து அண்ணியின் புருவத்துக்கு வந்தது. அவர் துடைக்கவில்லை.

"அன்னிக்கு நான் குளிக்கலடா" என்றார். "உள்ள உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் குழாயத் தெறந்து விட்டேன்."

வெண்டல் உள்ளே போய்த் தண்ணீரைச் சூடு பண்ணி எடுத்து வந்தார். அண்ணியை வெயிலில் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்துக்குக் கீழே பாத்திரம் கழுவும் பேசினை என்னைப் பிடிக்கச் சொல்லி, ஜக்கால் மெதுவாகத் தலையில் ஊற்றினார்.

"போதும்டா, பேசின் ரொம்புது."

"ரொம்பட்டும்க்கா. காதுகிட்ட இன்னும் நுரை இருக்கு."

மறுநாள் காலை டிரெய்லரைப் பூட்டினோம். "இந்த மரத்தடி எடத்துக்கு எத்தன பேர் கண்ணு வெச்சிருக்காங்க! நாம திரும்பறதுக்குள்ள எவனாவது வந்து நிறுத்திடுவான்" என்று நான் புலம்பினேன். அண்ணியின் பை அதற்குள் அவர் காரில் ஏறியிருந்தது. வெண்டல் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. "ரோட்டப் பாத்துப் போக்கா" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தார்.

கொட்டும் இடத்தில் நீள வரிசை. சாயந்தரம் ஆகிவிட்டது. "வேற எடம் பாத்துக்கலாம்" என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இடத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்பது எனக்குத் தெரியாதா?

எங்கள் மரம் கண்ணில் பட்டது. அதனடியில் அண்ணியின் கார் குறுக்காக நின்றிருந்தது. காருக்கு முன்னால் நாற்காலி போட்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். எதிரே பஸ் அளவு பெரிய வண்டி ஒன்று, அதன் ஜன்னலில் தொப்பி போட்ட ஒருவர்.

"எத்தன தடவ சொல்றது உனக்கு? இது என் தம்பி எடம்! டேங்க் காலி பண்ணப் போயிருக்கான், வந்துடுவான். நீ வேற எடம் பாரு!"

வெண்டல் நடு வழியில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பெரிய வண்டி முனகிக்கொண்டே பின்வாங்கியது.

அண்ணி எங்கள் ஜன்னலுக்கு வந்தார்.

"என்னடா இவ்ளோ நேரம்? சுத்தமாக் காலி பண்ணிட்டியா?"

"ஒரு சொட்டு இல்லக்கா."

"அப்ப சீக்கிரம் கொண்டுவந்து நிறுத்து. காலையிலேர்ந்து தூசியில உக்காந்திருக்கேன், குளிக்கணும்."