ஷிப்மென்ட் நாள் சாட்சி

கீழ்க்கட்டளை ஞானஜோதி தினமும் விடிகாலை நான்கு மணிக்கு முழங்காலில் நிற்பாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றாலும் அந்த அரை மணி நேரத்தை விடமாட்டாள். அதன் பிறகுதான் குடம், அடுப்பு, மகள் சலோமிக்கு ஜடை, குரோம்பேட்டை பஸ், தையல் மெஷின் எல்லாம். கணவன் இறந்த பிறகும் இது மாறவில்லை.

ஆனால் ஆறு வருஷமாக அந்த ஜெபத்தில் பாதி ஒரே ஆளைப் பற்றியது.

“ஆண்டவரே, ஜெபராஜை நீர் சும்மா விடாதேயும்.”

1986-இல் அவள் வேலை செய்த ஏற்றுமதி கம்பெனியில் ஜெபராஜ் சூப்பர்வைசர். அவள் போகும் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர். சரக்கு கப்பலுக்குப் போகும் ஒரு ஷிப்மென்ட் நாளன்று, ஐந்து வயது சலோமிக்குக் காய்ச்சல் ஏறியது. பக்கத்து வீட்டு மெஹர் பானு மருந்துக் கடையிலிருந்து கம்பெனிக்கு போன் செய்தாள்.

“கொழந்தைக்கு வலிப்பு வந்துகீது சார். ஜோதி அக்காவ ஒடனே அனுப்புங்க.”

“சொல்லிட்டேன்மா, கிளம்பிட்டாங்க” என்றார் ஜெபராஜ்.

மெஹர் பானு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். ஞானஜோதியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணி வரை அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

மூளைக்காய்ச்சல். சலோமி பிழைத்துக்கொண்டாள். காது இரண்டும் போய்விட்டது.

“போனா? எனக்கு எந்தப் போனும் வரலியே” என்றார் ஜெபராஜ், அவள் கம்பெனிக்குப் போய்க் கேட்டபோது, எல்லார் முன்னிலையிலும்.

அவள் வேலையை மாற்றினாள், சபையை மாற்றவில்லை. அவருக்காக அவள் ஏன் ஆண்டவர் வீட்டை விட்டுப் போக வேண்டும்? ஆராதனையில் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அவர் பிடரியைப் பார்த்தபடியே பாடுவாள். அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போவதில்லை. இந்த மனதோடு அப்பத்தைத் தொடுவது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

1992-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்டவர் செய்த நன்மையைச் சபைமுன் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் ஜெபராஜ் மைக்கைப் பிடித்தார்.

“எவ்வளவு ஷிப்மென்ட் பிரஷர் இருந்தாலும் ஆண்டவருக்குத்தான் முதலிடம் குடுத்தேன். அதனாலதான் இன்னிக்கு மேனேஜரா இருக்கேன்.”

ஞானஜோதி எழுந்தாள்.

“அண்ணா, ஷிப்மென்ட் அன்னிக்கு வந்த போனைப் பத்தியும் சொல்லுங்க.”

சபை திரும்பிப் பார்த்தது. தேதி, நேரம், மெஹர் பானு கேட்டது, அவர் சொன்ன பதில், ஒன்று விடாமல் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. இந்த வார்த்தைகளை ஆறு வருஷமாகப் பழகியிருந்தாள்.

“சிஸ்டர், அதுக்கு இது இடமில்ல” என்றார் ஜெபராஜ்.

“பொய் சொல்றதுக்கு மட்டும் இடமா?”

அவர் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே போதகர் அவரை அவள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

“மன்னிச்சிடும்மா” என்றார் ஜெபராஜ்.

“என்கிட்ட எதுக்கு? காது போனது அவளுக்கு. சொன்னா அவளுக்குக் கேக்காது. எழுதிக் குடுங்க.”

சலோமியின் பள்ளி நோட்டை நீட்டினாள். ‘ஒரு தவறு நடந்துவிட்டது’ என்று எழுதினார். ஞானஜோதி அந்தத் தாளைக் கிழித்தாள்.

“தானா நடக்கல. நீங்க செஞ்சது.”

மறுபடி எழுதினார். ‘உன் அம்மாவை அனுப்பச் சொல்லி போன் வந்தது. ஷிப்மென்ட் அனுப்பும் அவசரத்தில் நான் அவரிடம் சொல்லவில்லை.’

“போதும்மா” என்றார் போதகர்.

“இன்னும் ஒரு வரி இருக்குங்க ஐயா. போனே வரலன்னு சொன்னது.”

அதையும் எழுதினார். ஞானஜோதி பேனா பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலோமி விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு பென்சிலை எடுத்துக் கீழே எழுதினாள்: ‘அன்று என்ன அனுப்பினீர்கள்?’

ஜெபராஜ் எழுதினார்: ‘சட்டை.’

சலோமி நோட்டை மூடிவிட்டு உள்ளே போனாள். ஜெபராஜ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஞானஜோதி ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அந்த மாதமே அவர் மூப்பர் பதவியை விட்டார். அடுத்த திருவிருந்துக்கும் அவள் எழுந்து போகவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகர் கேட்டார்.

“இன்னும் என்னம்மா?”

“அவர் அழுதது எனக்கு நல்லா இருந்துச்சுங்க ஐயா. அதை ஆண்டவர்கிட்டயும் அப்படியேதான் சொல்லியிருக்கேன். அந்த ருசி போகட்டும், அப்புறம் திருவிருந்துக்கு வரேன்.”

சலோமியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.