ஏழாவது குழி

வீட்டில் அவளுக்கு 'மூணுதடவை' என்று பட்டப்பெயர். கேஸ் அடுப்பை மூன்று தடவை அணைத்துப் பார்ப்பாள், பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். ஆய்வகத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அந்தப் புத்தி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவள் கையாளும் சரக்கு அப்படி. நரம்பு போடும் உத்தரவைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தில், செல்லின் சவ்வுக்குள் ஐந்து துண்டுகளாகக் கைகோத்து நிற்கும் மனிதப் புரதம். அதை ஆளிடமிருந்து எடுப்பதில்லை. அதற்குரிய மரபணுவை வேறு செல்களுக்குள் புகுத்தி, அவற்றைக்கொண்டே செய்யவைத்த நகல் அது. சவ்வை விட்டு வெளியே வந்தால் தாங்காது; சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தில்தான் பிழைத்துக் கிடக்கும். குலுக்கினால் நுரை தள்ளிப் பாழாய்ப் போகும். பாழான புரதம் கண்டதையும் பிடித்துக்கொண்டு வாய் கூசாமல் பொய் சொல்லும். அது வரும் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று போட்டிருக்கும்.

அந்தப் புரதத்தைப் பிளாஸ்டிக் தட்டில் வரிசையாக இருக்கும் சின்னக் குழிகளில் பூசி, மேலே ரத்தத்தின் தெளிநீரை விடுவார்கள். உடம்பு தன் தசையையே பகையாளியாக நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தால் குழி நீலமாகும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்காக ஊரெல்லாம் அலைய முடியுமா? வேலை செய்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கை நீட்டுவதுதான் அங்கே வழக்கம். பெயர் எழுத மாட்டார்கள், எண் மட்டும்தான். ஆனால் ஏழாம் எண்ணை ஒட்டியது அவள். போன மாதம் தங்கையின் கையில் ஊசி குத்தியதும் அவள்தான்.

காலை ஒன்பதே காலுக்கு ஏழாவது குழி நீலமாக இருந்தது.

தங்கைக்கு அன்றைக்கு ஒரு மணிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தும் மருந்தும் போடுவார்கள். இந்த நோய் இருப்பவளுக்கு அதை வழக்கமான அளவில் போட்டால், அப்புறம் மூச்சு தானாகத் திரும்பாமலே போகலாம்.

ஆய்வகத் தலைவியிடம் ஓடினாள்.

"நுரை வந்து பொய் காட்டியிருக்கும்," என்றாள் தலைவி, தலையைக்கூட நிமிர்த்தாமல். "இது என்ன நோய் கண்டுபிடிக்கிற டெஸ்டா? மூணு தடவை பாக்காம யாருகிட்டயும் வாயத் தொறக்காதே."

வெட்கக்கேடு என்னவென்றால், அது அவளுக்கு அதட்டலாகப் படவில்லை, ஆறுதலாக இருந்தது. அவள் கிளப்பிய பீதியில் இந்த ஆபரேஷன் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தங்கை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதுக் குப்பி, புதுத் தட்டு. பத்தே முக்காலுக்கு மற்ற குழிகளெல்லாம் தெளிந்த தண்ணீராக இருக்க, ஏழாவது மட்டும் நீலம். போனை எடுத்தாள், வைத்தாள். ஒரு மணிக்குத்தானே, நேரம் கிடக்கிறதே. மூன்றாவது தட்டில் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நுரை மருந்துக்குக்கூட இல்லை.

பன்னிரண்டு பத்துக்கு மறுபடியும் நீலம். தங்கையின் போன் அணைந்திருந்தது. தங்கை கணவரைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை, அவள உள்ள விடாதீங்க! மயக்க மருந்து குடுக்கிற டாக்டர்கிட்ட நான் உடனே பேசணும்."

"என்னக்கா சொல்றீங்க? முன்னாடி இருந்த ஆளுக்குக் காய்ச்சலாம். அதனால இவள பன்னெண்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"கதவத் தட்டுங்க. ஒடைச்சாவது நிறுத்துங்க. அவளுக்குத் தசை நோய் இருக்கு, அந்த மருந்து ஆகாது!"

அவர் ஓடும் சத்தம் கேட்டது. கதவை அறையும் சத்தம், யாரோ திட்டும் சத்தம். திரும்பி வந்த குரல் அவருடையதாகவே இல்லை.

"மருந்து போட்டுட்டாங்களாம். இனிமே பாத்துதான் சொல்ல முடியுமாம்." மூச்சு வாங்கினார். "உங்களுக்கு இது எப்பக்கா தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

"ஒம்பதே காலுக்கு."

மறுமுனையில் அவர், "ஒம்பதே கால்," என்று திருப்பிச் சொன்னார். போனை வைக்கவில்லை.