புளி போட்டுத் தேய்த்த பதக்கம்

வளைகுடாவில், மனாமாவின் குதைபியாப் பகுதியில், சேதுராமனின் ஃபிளாட்டில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. உள்ளே முழுக்க அமெரிக்காக்காரர்களின் பதக்கங்கள். பாலம் திறந்ததற்கு, கண்காட்சி நடத்தியதற்கு, உயிரைக் காப்பாற்றியதற்கு என்று நூறு வருடத்துக்கு முன்னால் அடித்தவை. எவனோ வாங்கிய மெடலை நீங்கள் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று அவன் மனைவி தாமரை கேட்காத நாளில்லை. அவளுக்கு அந்த அலமாரி ஒரு சக்களத்தி.

ஆயுத பூஜையன்று டூட்டி முடிந்து வந்தவனை அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாமி படங்களுக்கு முன்னால் லேப்டாப், கார் சாவி, அரிவாள்மணை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. நடுவில், வாழையிலையில், கடையிலிருந்து வந்த பித்தளைச் சொம்பு மாதிரி மின்னியது ஒரு பதக்கம்.

“மேஜைமேல தனியா வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே, அதுதான். உங்க ஆயுதம் இதுதானே? குத்துவிளக்கு தேய்க்கிறப்போ இதையும் புளி போட்டுத் தேய்ச்சேன். அப்பா, என்ன கறுப்பு! கையே விட்டுப்போச்சு.”

சேதுராமன் குனிந்து பார்த்தான். அது அவனுடையதே அல்ல, அஸ்கர் அலியுடையது. மனாமாவில் இதே பைத்தியம் பிடித்த ஒரே கூட்டாளி, கீழக்கரைக்காரர். யாருக்கும் இரவல் தராத மனிதர், படம் எடுத்துக்கொள்ள இவனிடம் மட்டும் கொடுத்திருந்தார். எரிகிற பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பிள்ளைகளைத் தூக்கிவந்த தீயணைப்பு வீரருக்கு ஊரார் கொடுத்த வெண்கலம் அது. அந்தக் கறுப்புதான் அதன் உயிர். ஒருமுறை தேய்த்துவிட்டால் என்ன செய்தாலும் திரும்பாது, சேகரிக்கிறவர்கள் கையால் தொடமாட்டார்கள். அதில் பொறித்திருந்த வீரரின் மூக்கு வேறு மழுங்கியிருந்தது. நெற்றியில் குங்குமம்.

கத்துவதற்கு வாயைத் திறந்தான். தாமரையின் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருடம் கரித்துக்கொட்டிய பொருளை இன்று சாமி முன்னால் வைத்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை உடைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

“நல்லா இருக்கு,” என்றான்.

சுண்டல் ஆறுவதற்குள் போன் அடித்தது. அஸ்கர் அலிதான்.

“சேது, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன். பத்திரமா இருக்குல்ல?”

தாமரை பக்கத்திலேயே நின்றாள். மறைத்து என்ன பயன், நாளைக்கு வந்து பார்க்கத்தானே போகிறார்.

“பாய், அதைத் தேய்ச்சாச்சு. புளி போட்டு. பளபளன்னு இருக்கு.”

“யாரு தேய்ச்சது?”

“நான்தான் பாய். நானேதான்.”



“தெரியாதவங்க செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன். தெரிஞ்சே செஞ்சியா நீ? கலாஸ், சேது, எல்லாம் முடிஞ்சுது. வாட்ச்மேன்கிட்ட குடுத்து வை. உன் மூஞ்சியில நான் முழிக்க வேணாம்.”

சேதுராமன் போனைக் கீழே வைத்தான். திரும்பினால் தாமரையின் கண்ணில் தண்ணீர்.

“நீங்களா தேய்ச்சீங்க? பாயும் நல்லாயிருக்குன்னு சொல்லியிருப்பாரு, இல்ல? அதுக்குக்கூட என் பேரைச் சொல்ல மனசு வரல உங்களுக்கு.”

அவன் வாழையிலையிலிருந்து பதக்கத்தை எடுத்துத் துணியில் சுற்றினான்.

“இனிமே அந்த அலமாரிப் பக்கம் நான் வந்தா ஏன்னு கேளுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.