பதினாறு எழுத்துச் சாவி

ஐந்து நாள் விடாமல் பெய்த உறைமழையில் கல்லூரி மாடியிலிருந்த ஆன்டெனா ஒரே பனிக்கட்டியாகிவிட்டது. ஆறாம் நாள் டாரல் கொதிநீர் ஊற்றிப் பார்த்தான். ஏழாம் நாள் காலை, அதைத் திருப்பும் மோட்டாருக்குள் பல்சக்கரம் நொறுங்கியது. டாரல் வெல்டிங் ஆசிரியர். அவனே கையை விரித்துவிட்டான்.

வெர்னா ஹக்கலா கடிகாரத்தைப் பார்த்தாள். பிற்பகல் மூன்றரை.

ரொட்டிப் பாக்கெட் அளவுள்ள ஒரு செயற்கைக்கோள். பெயர் லூன். அவளும் மாணவர்களும் ஆறு வருடம் உழைத்துச் செய்தது. தரையிலிருந்து ஏழு நாள் எந்தக் கட்டளையும் வராவிட்டால் தன் வானொலியை நிரந்தரமாக அணைத்துக்கொள்ளும்படி அதற்குள் எழுதி வைத்தவளும் அவள்தான். கட்டுப்பாடு இழந்த செயற்கைக்கோள் வானத்தில் வீணாகக் கத்திக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? இப்படி ஒரு மழை வரும் என்று அப்போது தோன்றவில்லை.

கெடு முடிவது 3:53. அதற்குமுன் லூன் கடைசியாகத் தலைக்கு மேல் வருவது 3:42.

இரும்பு அளவுநாடாவை வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் கட்டி, டாரல் ஒரு கையடக்க ஆன்டெனா செய்து கொடுத்தான். வெர்னா அதை ஒரு கைவானொலியோடு இணைத்து, மாடியில் நின்று வானத்தை நோக்கிப் பிடித்தாள். காற்று முகத்தை அறுத்தது. லூனின் கீச்சொலி நன்றாகவே கேட்டது. ஆனால் கைவானொலியின் பலவீனமான குரல் அதை எட்டவில்லை. ஒன்பது முறை கட்டளை அனுப்பினாள். ஒன்பது முறையும் பதில் இல்லை.

3:47. லூன் தெற்கே சரியத் தொடங்கியது.

தெற்கே, ஆர்கன்சா மாநிலத்தில், வால்ட் ப்ரூயிட் இருந்தான். பெரிய ஆன்டெனா வைத்திருக்கும் வானொலிப் பித்தன். லூனின் ஒலியைத் தினமும் பதிவு செய்து வெளியிடுபவன். பெற்ற பிள்ளையின் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிய அம்மா என்று அவளை ஊரறியக் கிண்டல் செய்தவனும் அவனே. பதிலுக்கு அவள், வேலையற்ற கிழவன் என்று எழுதியிருந்தாள்.

லூன் கட்டளையை ஏற்க ஒரு ரகசியச் சாவி வேண்டும். பதினாறு எழுத்து. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் லூன். டாரலுக்குக்கூட அவள் சொன்னதில்லை.

அவள் போனை எடுத்தாள்.

“வால்ட், நான் வெர்னா.”

“உன் பிள்ளை இப்பத்தான் என் பக்கம் எட்டிப் பாக்குது. இன்னும் அஞ்சு நிமிஷம்தான்னு அதுவே புலம்புது. நீ என்ன தூங்கறியா?”

“ஆன்டெனா உடைஞ்சு போச்சு. சாவியைச் சொல்றேன், எழுதிக்கோங்க.”

 மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம்.

“சொல்லு.”

உதடு மரத்திருந்தது. நான்காவது எழுத்திலேயே நாக்கு குழறியது. வால்ட் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னான். திட்டவில்லை, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. டாரல் தன் தொப்பியைக் கழற்றி அவள் வாயருகே காற்றுக்கு மறைவாகப் பிடித்தான். பதினாறும் முடிந்தபோது 3:51.

வால்ட் முதல் முறை அனுப்பினான். ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் இல்லை. அவன் விசைகளைத் தட்டுவது மட்டும் போனில் கேட்டது. வெர்னா மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் முறை, அவன் ஒலிபெருக்கியிலிருந்து நீளமாக ஒரு ஊதல் எழுந்தது. கட்டளையை ஏற்றேன் என்று லூன் சொல்லும் விதம் அது.

“பொழைச்சுக்கிச்சு,” என்றான் வால்ட். “அடுத்த சுத்துலயே சாவியை மாத்திடு. ஒருத்தன் கையில உன் பிள்ளைய விட்டு வைக்காதே.”

“எதை வச்சு மாத்தறது? மோட்டாருக்கு உதிரி வர மூணு வாரம் ஆகும்.”

“ஏழு நாளைக்கு ஒருதரம் அது யார் குரலையாவது கேட்டாகணுமே.”

“ஆமா.”

“அப்போ ஒவ்வொரு வாரமும் இந்த வேலையற்ற கிழவனைக் கூப்பிட்டுக் கேக்கணும் நீ,” என்றான். அவன் சிரிக்கிறானா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. “கேப்பியா?”

“கேக்கறேன்,” என்றாள் வெர்னா.