மேடத்துக்கு உடம்பு சரியில்லை

எங்கள் வீட்டில் மரியாதையோடு அழைக்கப்படுகிறவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை என்ற முறையில் நான். மற்ற இருவரும் மாமனாரின் கோமாளி மீன்கள். பெரியது பெண், பெயர் மேடம். அதில் பாதி உடம்புள்ள ஆணுக்கு சார் என்று பெயர். மேடம் ஒரு முறை முறைத்தால் சார் உடம்பை உதறிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். "நம்ம வீட்டு ஆம்பளைங்க நிலைமைதான் தொட்டிக்குள்ளயும்" என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். என் மனைவி காதில் விழாத மாதிரி போய்விடுவாள்.

மாமா எங்களோடுதான் இருக்கிறார். மனைவியை இழந்த பிறகு அவர் வாய்விட்டுப் பேசுவதெல்லாம் அந்தக் கடல் தண்ணீர்த் தொட்டியின் முன்னால்தான். கண் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது, "மாப்பிள்ளை இருக்கறப்ப எனக்கென்ன கவலை" என்று தீனி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தொட்டி விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். புது மீன் எது வந்தாலும் பால்கனியில் இருக்கும் தனித் தொட்டியில் பல வாரம் கிடந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு அது தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. ஆனாலும் வேலை முடிந்து வரும்போது கடையில் ஒரு குட்டிக் கோமாளி மீனைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். கண் கட்டைப் பிரித்ததும் மாமா முதலில் இதைப் பார்க்கட்டும் என்று ஆசை. ஆசை என்ன ஆசை, நல்ல பேர் வாங்கும் அரிப்பு. தோல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவனுக்கு அரிப்பு ஒன்றும் புதிதில்லை.

பால்கனித் தொட்டியைக் கழுவச் சோம்பல்பட்டு நேரே பெரிய தொட்டியில் விட்டேன். மேடம் அதைத் துரத்தித் துரத்தி விரட்டினார். கொஞ்ச நாளில் அது அடியில் சாய்ந்து கிடந்தது. மேலெல்லாம் கொழகொழவென்று சளி. கடையிலேயே அடிபட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, காகிதத்தில் சுற்றித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மனைவிக்குக்கூட மூச்சு விடவில்லை.

மாமா ஒரு கண்ணில் கட்டோடு வீடு திரும்பினார். இன்னொரு கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். குனியக் கூடாது, தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதே வாரம் மேடம் சாப்பாட்டை நிறுத்தினார்.

மாமா தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து மண்டியிட்டேன்.

"உப்புத் தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"டார்ச் அடிச்சுப் பாருங்க. பொன் தூசு மாதிரி மின்னுதா?"

"இல்ல. வெள்ளையா படலம் மாதிரி இருக்கு. செவுள்கிட்ட ஆரம்பிச்சு முதுகு வரைக்கும். அங்கங்க உரிஞ்சு தொங்குது. மூச்சும் வேகமா வாங்குது."

மாமா தலையாட்டினார். "தோல் ஆஸ்பத்திரிக்காரர் கண்ணு. எனக்கு இதுவே போதும். சளிப் படலம்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, புது மீன்கூட வர்ற கிருமி. அதுன்னா உடனே மருந்துத் தண்ணில போட்டு எடுக்கணும். இல்லேன்னா தண்ணில ஏதோ கலந்து உடம்பு எரியுது. அதுக்குப் போய் மருந்து போட்டா தாங்காது. தண்ணியைத்தான் மாத்தணும்." கொஞ்சம் தயங்கினார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நான் இல்லாதப்போ புதுசா ஏதும் உள்ள விடலையே?"

"இல்ல மாமா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் இதைக் கேட்பதுதான் என் வேலையே. சோப்பு மாற்றினீர்களா, தலைக்குச் சாயம் போட்டீர்களா என்று கேட்பேன். எல்லோரும் இல்லை என்பார்கள். உள்ளே டாக்டர் நாலு கேள்வி கேட்டதும் சாயப் பாக்கெட் வெளியே வரும். நோயைக் காட்ட வந்த இடத்தில் என்ன பொய் வேண்டியிருக்கிறது என்று மனதுக்குள் திட்டுவேன். இப்போது நான் அவர்களைவிடக் கேவலமாக மண்டி போட்டுக்கொண்டு இருந்தேன்.

மாமா தன் வலது கை விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "அப்போ இது நான் பண்ணின வேலைதான். ஆபரேஷனுக்குப் போற அன்னைக்கு மூட்டு வலிக்குத் தைலம் தேய்ச்சேன். அந்தக் கையோடயே கல்லை நகர்த்தி வெச்சேன். படிச்சுப் படிச்சு உங்களுக்கெல்லாம் சொல்லிட்டு நானே விஷத்தைக் கலந்திருக்கேன் பாருங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாறாக, பழி வேறு இடத்துக்குப் போனதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

வாளி வாளியாகப் பழைய தண்ணீரை இறைத்தேன், உப்புக் கரைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். "மாப்பிள்ளைக்கு என்னால எவ்வளவு சிரமம்" என்று மாமா நொடிக்கொரு தரம் சொன்னார். எனக்கு இடுப்பு ஒடிந்தது. அது போதாது என்று தோன்றியது. மறுநாளும் மாற்றினேன். படலம் வால்வரை இறங்கிவிட்டது.

அடுத்த நாள் காலையில் மேடம் பம்புக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் சார், முதுகில் லேசான வெண்மையோடு, அசையாமல் காவல் நின்றார்.

"என் கையில குடுங்க" என்றார் மாமா. கொடுத்தேன். கட்டைவிரலால் மெல்லத் தடவினார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சாரை யாருக்காவது குடுத்துடலாம் மாப்பிள்ளை. தொட்டியும் வேண்டாம். கண்ணு வந்தாலும் இனிமே என் கையை நான் நம்ப மாட்டேன்."

அவர் அந்த விரல்களை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார்.

"மாமா, உங்க கையில ஒண்ணும் இல்ல. நான் புது மீன் ஒண்ணு விட்டேன். நேரா பெரிய தொட்டில. நீங்க வர்றதுக்குள்ள அது செத்துப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  மாமா டாக்டர் கேட்பதைப் போலக் கேட்டார்.

"அது மேல சளி இருந்துதா?"

"இருந்துச்சு மாமா."

"நான் அன்னைக்கே கேட்டேனே."

"கேட்டீங்க."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. மேடத்தை ஒரு துணியில் சுற்றி மேசைமேல் வைத்தார். "மருந்து என் அலமாரி மேல் தட்டுல இருக்கு. பழுப்பு பாட்டில். சாரைக் காப்பாத்தப் பாக்கலாம்."

மருந்து வீட்டிலேயே இருந்திருக்கிறது. என் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து, காற்றுக் குழாயைப் போட்டு, அவர் சொன்ன அளவுக்கு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டேன். நெடி கண்ணில் படாமல் மாமாவை வாசல் பக்கம் உட்கார வைத்தோம். சாரை வலையால் எடுத்து வாளியில் விட்டேன். பழக்கத்தில் குனிந்து பார்த்து, "மூச்சு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க மாப்பிள்ளை." குரலில் கோபமே இல்லை. "நீங்க காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்க. உக்காருங்க. பாப்பா, நீ பாத்து சொல்லும்மா."

மீன் என்றால் பத்தடி தள்ளி நிற்கும் என் மனைவி வாளிக்கு முன்னால் குந்தினாள்.

"ஆரஞ்சு கலரா இருக்குப்பா."

"அது தெரியும்மா. தோலு எப்படி இருக்கு?"

"வெள்ளையா என்னமோ இருக்கு... இதுல செவுள் எதுன்னே தெரியலையேப்பா."

"அவசரம் இல்ல. நிதானமாப் பாரு."

எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. செவுள் தெரிந்தது, படலத்தின் ஓரம் தெரிந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டே போனாள். மாமா முகத்தை அவள் பக்கம் சாய்த்து, ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.