பைகள் உட்கார்ந்து வந்த வேன்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமாகத் தோன்றியதல்ல. சிக்னலில் என் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. உள்ளே ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளைச் சுற்றிப் பல இருக்கைகளில் ஆள் இல்லை, சாப்பாட்டுப் பைகள்தான் இருந்தன. ஒருவரும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளவில்லை. பச்சை விழுந்தது, வேன் போய்விட்டது. மீதி எல்லாம் நான் கட்டிவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “தனிமையின் கம்பியைப் பற்றிக்கொண்டு அவள் —”

அடித்துவிட்டேன். தனிமை என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவள் தனியாக இல்லை, வேன் நிறைய ஆட்கள். அதுதானே விஷயமே.

இரண்டாவது தொடக்கம்: அவள் ஒரு தையல் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் சட்டைக் காலர் தைக்கிறாள். துணி திருடு போகிறது என்று நிர்வாகம் பின்படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று வைத்த வழி அது. சோதனைக்கு வந்த அதிகாரியிடம் அதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவர் எழுதிக்கொண்டு போனார். மறுநாளே எல்லோருக்கும் ஓவர்டைம் கிடையாது என்றாகிவிட்டது. “அவ புகாரை வாபஸ் வாங்கட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார் சூப்பர்வைசர்.

அவளை ஒதுக்கி வைக்கும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தி தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வைத்தாள்.

3

நிற்கிறவளைப் பற்றி எழுதுவது சுலபம். தைரியசாலி என்று பாராட்டிவிட்டு நீங்களும் நானும் தூங்கப் போய்விடலாம். எனக்குப் பை வைத்தவள்தான் வேண்டும். அதனால் அவளுடைய ஓரகத்தியையும் அதே வேனில் ஏற்றினேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள், ஒரே வீடு, ஒரே அடுப்பு. நிற்பவள் இளையவள், பை வைப்பவள் மூத்தவள்.

காலையில் இளையவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டுவது மூத்தவள்தான். இருவரும் தெருமுனை வரை பேசிக்கொண்டே வருவார்கள். வேனைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். மூத்தவள் முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைப்பாள்.

“உக்காரும்மா, பிரேக் போட்டா விழுந்து வைக்கப் போற” என்றார் டிரைவர்.

“இடமில்லண்ணே.”

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “நல்லாருக்கு. பையெல்லாம் சொகுசா வருது.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். [இங்கே அவள் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. பொய். கலங்கவில்லை.]

4

அவளைப் பையை எடுக்கவைக்க எவ்வளவோ பார்த்தேன். “மூத்தவள் சட்டென்று பையை எடுத்து —” அதற்கு மேல் ஓடவில்லை. அவளைத் திட்டினேன். பிறகு அவள் இடத்திலிருந்து யோசித்தேன். இன்று பையை எடுத்தால் நாளை அவளும் நிற்க வேண்டும். அவள் வந்தால் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். மெஷினில் ஊசி உடைந்தால் யாரும் இரவல் தர மாட்டார்கள்.

அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள்கூட இல்லை, மாமியாரிடமே நேருக்கு நேர் பேசியவள். எல்லோரும் செய்வதைத் தான் மட்டும் செய்யாமலிருக்க வேறு மாதிரி ஒரு தெம்பு வேண்டும்.*

* அது எனக்கு இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

5

அன்று மாலை, சமையலறையில்.

“அக்கா, நாளைக்கு வாபஸ் வாங்கிடலாம்னு இருக்கேன்.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் தாங்க முடியல.”

மூத்தவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“வேணாம், வாங்காதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நான் நின்னுட்டே வரேன்.”

“நான் என்னத்தச் சொல்ல. உன் இஷ்டம்.”

சொன்னதும் மூத்தவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பல நாள் தலைவலி விட்டதுபோல் ஒரு நிம்மதி. அதை எழுதும்போது எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

6

மறுநாள் இளையவள் வாபஸ் வாங்கிவிட்டாள். மாலை வேனில் பைகளெல்லாம் மடிக்கு ஏறின. “இங்க வா, இங்க உக்காரு” என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஒருத்தி அவள் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். இளையவள் மூத்தவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பின்படிக்கட்டுக் கதவு பூட்டியபடியே இருக்கிறது.

7

என் கதைகளை முதலில் படிப்பவர் என் மச்சான். இதுவரை படித்துவிட்டு, “அப்புறம் ஃபேக்டரி பத்திக்கும், எல்லாரும் அந்தக் கதவுல போய் முட்டுவாங்க. அதானே முடிவு?” என்றார்.

“தீ வராது மச்சான்.”

“வராட்டி அவ சொன்னது சரின்னு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தீ வைப்பது எனக்கு ஒரு வரி வேலை. (“மதிய இடைவேளைக்குச் சற்று முன், கீழ்மாடியில் புகை —”) மாட்டேன். ஒரு மாடி நிறையப் பெண்களைக் கொளுத்தினால்தான் ஒருத்தியின் வார்த்தையை நம்புவீர்கள் என்றால், அந்தக் கதை எனக்கு வேண்டாம். அதிகாரி திரும்பி வந்து பூட்டை உடைக்கும் முடிவும் ஒன்று இருக்கிறது. அது உங்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும், அதனால் அதுவும் வேண்டாம்.

ஆகவே எரியாது. அவர்கள் வேலைக்குப் போவார்கள், வருவார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள். என்றோ ஒருநாள் வேனில் யாராவது, “ஒண்ணுமே ஆகலயே, அன்னைக்கு இவ பண்ண கலாட்டா இருக்கே” என்று இளையவளைக் கேலி செய்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள்.

அவள் சொன்னது சரிதான் என்று அப்போது அங்கே ஒருவர் வாய் திறக்க வேண்டும். மூத்தவளிடம் நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். இனி உங்கள் பாடு.