புகார் ஏதும் வரவில்லை

"நாளைக்குத்தான திறப்பு விழா? நாளைக்கு வரச் சொல்லு," என்றார் ஞானையா தன் மனைவி லில்லியிடம், தலையை நிமிர்த்தாமலே.

வாசலில் நின்ற கரோலின் முந்தானையால் தாடையைப் பொத்தியிருந்தாள். வீக்கம் காதுவரை ஏறிக் கன்றிப்போயிருந்தது. ஞானையா சாப்பாட்டு மேஜையில் வரவேற்புரை எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊர் தேவாலயத்தை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் செயலர். வீட்டில் அடிபடும் பெண்களுக்காகக் கமிட்டி கோயில் வளாகத்தில் 'சமாதான மையம்' ஒன்று தொடங்கப்போகிறது. அதற்கான உரைதான் அது.

"அடி இன்னைக்குல்லா விழுந்திருக்கு?" என்றாள் லில்லி.

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குட்டி. மனு எழுதணும், ஜோஷுவாவையும் கூப்பிட்டு ரெண்டு தரப்பையும் விசாரிக்கணும். நாளைக்கு ஆரம்பப் பாட்டே அவன்தான் பாடுதான். இந்த நேரத்துல போயி..."

ஜோஷுவா, கரோலினின் கணவன். கோயில் பாடகர் குழுவின் தலைவன்.

லில்லி அம்பாசமுத்திரத்தில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவள். உதடு கிழிந்து, புருவம் பிளந்து வந்த பெண்களெல்லாம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகவே சொல்வார்கள். எந்தக் குளியலறையும் ஒருத்தியின் கழுத்தில் ஐந்து விரல் பதிக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவர்கள் சொன்னதையே எழுதினாள். வேலையிலிருந்து ஓய்ந்த பிறகும் அந்த வெட்கம் ஓயவில்லை.

"செருப்பைப் போடு, கரோலின்."

"எங்க கிளம்புதே?" என்றார் ஞானையா.

"ஆஸ்பத்திரிக்கு. நீங்க எழுதுங்க. 'பெண்கள் வீட்டின் கண்கள்'னு ஒரு வரி வரும்லா, அதை விட்டுராதிய."

அந்த வரியை அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டதென்று கேட்டதும் கரோலின் பழக்கதோஷத்தில், "பாத்ரூம்ல..." என்று தொடங்கினாள். லில்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடந்ததைச் சொல்லு தாயி."

"எம் மாப்பிள்ள அடிச்சாரு," என்றாள் கரோலின். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அங்கே இருந்தபடியே லில்லி பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினாள். கரோலினைத் தன் வீட்டு முன்னறையில் தங்கவைத்தாள்.

மறுநாள் திறப்பு விழா. பேனரில் கோட்டு போட்ட கமிட்டி ஆண்கள் ஏழு பேரின் முகங்கள். பெண்முகம் ஒன்றுகூட இல்லை. அன்பின் மேன்மையைப் பற்றி ஜோஷுவா கண்ணை மூடி உருகிப் பாடினான். குரல் நல்ல குரல்தான். கமிட்டித் தலைவர் தானியேல் மையத்தின் விதியை வாசித்தார்: புகார் சொல்லும் பெண், கணவனையோ அவன் வீட்டுப் பெரியவரையோ உடன் அழைத்து வரவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏழு பேர் முன்னால் சொல்லவேண்டும். அடிக்கிறவனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வா என்ற அந்த விதியைக் கேட்டு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கேக் கொடுத்தார்கள், தின்றார்கள்.

அதே வாரம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து மஹ்மூதா பீவி லில்லியைத் தேடி வந்தாள். தையல்கடை வைத்திருப்பவள். மகளின் வழக்குக்காக இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்ததில் மனு எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"எங்க தெருவுலயும் இருக்கு, சிஸ்டர். அங்கன ஜமாத்துல வச்சு சமாதானம், இங்கன கோயில்ல வச்சு சமாதானம். அடி மட்டும் ஒண்ணுபோலத்தான் விழுது."

இரண்டு பேரும் சேர்ந்து லில்லி வீட்டில் தொடங்கிய இடத்துக்குப் பலகை எதுவும் மாட்டவில்லை. முன்னறையில் இரண்டு கட்டில், ஒரு செல்போன், பின்பக்கம் ஒரு கதவு. வருகிறவளோடு ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி போவாள். திருநெல்வேலியில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்க இன்னொருத்தி போவாள். நான்கு மாதம் கழித்துக் கரோலினுக்குக் கோர்ட் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தது. ஜோஷுவா வீட்டை விட்டு வெளியேறினான். பாடகர் குழுவை விட்டு அவனை யாரும் வெளியேற்றவில்லை. கரோலின் தன் வேலை முடிந்ததும் சாயங்காலம் வந்து, புதிதாக வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஞானையா கொதித்தார். "வீட்டைச் சத்திரமாக்கிட்டியே! கமிட்டியில எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

"அதான் பேனர்ல வச்சிருக்கியளே," என்றாள் லில்லி.

வருஷக் கூட்டத்தில் ஞானையா அறிக்கை வாசித்தார். "கர்த்தருடைய கிருபையால் இவ்வாண்டு சமாதான மையத்துக்குப் புகார் ஏதும் வரவில்லை. நம் சபைக் குடும்பங்களில் அப்படிப்பட்ட குறை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி."

ஆண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கம் கைகள் மடியிலேயே கிடந்தன.

லில்லி எழுந்தாள். அனுமதி கேட்கவில்லை.

"எங்கிட்டயும் ஒரு அறிக்கை இருக்கு. இந்த வருஷம் இந்தக் கோயில்ல இருந்து மட்டும் எங்க வீட்டுக்குப் பதினாலு பொம்பளைய வந்தாவ. எல்லாரும் அடிபட்டு வந்தவிய. பேரு சொல்ல மாட்டேன்."

முதலில் திரும்பியவர் தானியேல். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று ஆண்கள் பக்கமே கழுத்தைத் திருப்பி, பெண்கள் வரிசைகளில் தத்தம் மனைவியைத் தேடியது. எல்லா முகத்திலும் ஒரே கேள்வி: நீயா போனே? பெண்கள் நேராகப் பீடத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.

லில்லி அவசரப்படாமல், முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை அந்தக் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வந்தது பதினாலு பேருதான்," என்றாள். "திரும்பிப் பாக்குதவுக முப்பதுக்கு மேல இருக்கியளே!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்தது தானியேலின் மனைவி.